நட்சத்திரத்தில் சுண்ணாம்பு கண்டவர்

சென்னியப்பனுக்கு மண் பிடிக்காது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னையும் நிலக்கடலையுமாக நல்ல தோட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் அவர். அப்படிப்பட்டவர் பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் தற்காலிக அட்டெண்டராக, பையன்கள் சிந்திய பாட்டரித் திராவகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது சொந்தபந்தங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

அவருடைய அண்ணன் அழகுமலைக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. அப்பா போன பிறகு பண்ணையம் மொத்தமும் அவர் தலையில் விழுந்திருந்தது. "காடு தோட்டம் இருக்கறவன் ஊரான் பசங்களுக்குச் சீசா களுவறான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் எந்த வேலையும் முடிவதே இல்லை என்பதுதான் சென்னியப்பனுடைய குறை. தண்ணீர் கட்டினால் மடை உடையும், மடையை அடைத்தால் மோட்டார் புகையும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சாமானைத் துடைத்து ஓரிடத்தில் வைத்தால் மறுநாளும் அது அங்கேயே, துடைத்தபடியே இருந்தது. வாழ்க்கையில் அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் அதே கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். கேரளத்துக் கல்லூரியில் தமிழ் வாத்தியாருக்கு வேலை குறைவு, ஓய்வு அதிகம். அந்த ஓய்வை நான் பௌதிக ஆய்வுக்கூடத்தில் கழித்தேன். அறிவுத் தாகம் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காகச் சுற்றுகிற மின்விசிறி அங்கேதான் இருந்தது.

சென்னியப்பன் பெரிய கைவேலைக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த நுண்தராசு லேசாக ஆடுவதைப் பார்த்து, பாவம், காய்ந்துபோய்க் கிடக்கிறது என்று அதற்குத் தேங்காயெண்ணெய் விட்டார். மோட்டாரோ வண்டி அச்சோ, முனகினால் எண்ணெய் கேட்கிறது என்றுதான் தோட்டத்தில் அர்த்தம். அந்தத் தராசு அதற்குப் பிறகு எதையும் எடை போடவில்லை. ஆனாலும் பேராசிரியர் அனந்தநாராயணன் அவரைத் துரத்தவில்லை. சாவி கேட்டால் சாவியோடு வந்து நிற்கிற ஆள் அந்தத் துறையில் வேறு யாரும் இல்லை.

அனந்தநாராயணன் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். எக்ஸ்ரே வானியல் என்று ஒன்று இருப்பதாகவும், அதைத் தான் செய்துகொண்டிருப்பதாகவும் சொல்வார். பல வருஷமாக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். தெற்கே கடற்கரையிலிருந்து விடுகிற சின்ன ராக்கெட் ஒன்றில் அதை ஏற்றி அனுப்ப இடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் எழுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசிக்குக் கிடைத்தது. ஒரே ராக்கெட், ஒரே தடவை. பெட்டி எதை நோக்கிப் பார்ப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆவணியில் வடக்கு வானத்தில், அன்னப்பறவைக் கூட்டம் என்று அவர்கள் சொல்கிற இடத்தில், அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. சில நாளிலேயே மங்கியும் போனது. அனந்தநாராயணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார், சந்தோஷத்தால்.

"ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு சுத்திண்டிருக்கு, கேட்டேளா" என்று எனக்கும் சென்னியப்பனுக்குமாகச் சேர்த்து விளக்கினார். "ஒண்ணு செத்துப்போனது, சின்னது. அது பக்கத்தில இருக்கறவன் மேலேர்ந்து வாயுவை உறிஞ்சி உறிஞ்சித் தன் மேல சேத்துண்டே இருக்கும்."

"பக்கத்துக் காட்டுக்காரன் நம்ம கெணத்துத் தண்ணிய உறிஞ்சறாப்பலங்களா சாமி?"

"அதே. ஒரு நாள் தாங்காது. மேல்தோல் மொத்தமும் வெடிச்சுத் தெறிச்சுடும். அந்தத் தெறிச்ச வஸ்துவாக்கும் நமக்கு வேண்டியது. அந்தச் சூட்டுக்கு அது எக்ஸ்ரே விடணும். நம்ம காத்து அதைக் கீழ விடாது. மேல போய்த்தான் பாக்கணும்."

பெட்டி செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே வாயு அடைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் சன்னல் மாதிரி ஒரு திறப்பு, அதில் வெங்காயத் தோலைவிட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் தாள், தாளுக்கு அணைப்பாகக் கம்பி வலை. வருகிற எக்ஸ்ரே அந்தத் தாள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் ஒரு மூடி. ராக்கெட் உயரே போன பிறகு அந்த மூடி தானாகத் திறந்துகொள்ளும். ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டுமே என்று அதே அச்சில் இரண்டு பெட்டிகள் செய்திருந்தார்கள்.

"இதாக்கும் இதோட கண்ணு" என்று சென்னியப்பனிடம் சொன்னார் பேராசிரியர். "இதுல கை படப்டாது, கேட்டயா?"

ஏன் படக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அட்டெண்டருக்குக் காரணம் சொல்லும் பழக்கம் எந்தக் கல்லூரியிலும் கிடையாது. சென்னியப்பன் தலையாட்டினார். சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுகிற ஆள் அவர். பிறகு நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

புரட்டாசி தொடக்கத்தில் ஒரு நாள் அழகுமலை இளநீர்க் குலையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். குலையை இறக்கி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க சாமி, இந்தப் பொட்டி மேல போயி என்னங்க பண்ணும்?"

"எக்ஸ்ரே வந்தா நமக்குச் சொல்லும்."

"வராட்டிங்க?"

அனந்தநாராயணன் பொய் சொல்லத் தெரியாதவர். "வராமலும் இருக்கலாம்" என்றார்.

அழகுமலை தம்பி பக்கம் திரும்பினார். "கேட்டுக்க. உன்ற பொட்டி என்னத்தையாச்சும் கண்டுபுடிச்சா நீ இங்கயே இருந்துக்க, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா தை பொறந்ததும் நீ வந்து தண்ணி கட்டோணும். என்னால ஒருத்தனாப் பண்ணையம் பாக்க முடியல. மாரியாத்தா கோயல்ல கற்பூரத்துல அடிச்சுச் சொல்லு."

அந்த வெள்ளிக்கிழமையே சென்னியப்பன் மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெடித்த அந்த நட்சத்திரத்தின் மேல் அனந்தநாராயணனைவிட அவருக்குத்தான் அக்கறை அதிகம். "தெறிச்சது நல்லாத் தெறிச்சிருக்குமுங்களா சாமி?" என்று தினமும் கேட்பார். பேராசிரியரும் பொறுமையாக "நன்னாவே தெறிச்சிருக்கும்" என்பார்.

ராக்கெட்டுக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

அந்த ஒரு நாளில் மட்டும் ஆய்வுக்கூடம் சென்னியப்பனுடையது. தோட்டத்தில் சின்ன வயதிலிருந்தே பம்புசெட்டுக்கும் கலப்பைக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்தவர் அவர்தான். அண்ணன்கூட அதில் மட்டும் தம்பியைக் குறை சொன்னதில்லை. கல்லூரியிலும் அதே முறைதான். எல்லாச் சாமானையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, கற்பூரம் காட்டுவார். எண்ணெய் குடித்துச் செத்துப்போன தராசுக்கும் ஒரு பொட்டு உண்டு. அவருடைய மனைவி கமலாத்தாள் முந்தின நாளே செவ்வந்திச் சரம் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அஷ்டமி அன்று மதியமே அனந்தநாராயணன் இரண்டு பெட்டிகளையும் கடைசித் தடவையாகச் சோதித்து மூடிவிட்டார். சாயங்காலம் எங்கள் ஊர் வழக்கப்படி புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தாயிற்று. வைத்தால் தசமி காலை வரை யாரும் எதையும் படிக்கவும் கூடாது, கருவியைத் தொடவும் கூடாது. பேராசிரியர் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக்கூடச் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கிவிட்டார்.

நவமி காலையில் நான் பொரிக்காகப் போயிருந்தேன். கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். நாங்கள் வருவதற்கு முன்னாலேயே சென்னியப்பன் பெட்டிகளின் பூஜையை முடித்திருந்தார். எப்படி முடித்தார் என்பதைப் பின்னால் அவரே விளக்கமாகச் சொன்னார்.

மூடிக்குப் பொட்டு வைப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. அது சட்டைக்குத் திருநீறு பூசுகிற மாதிரி. அதனால் மூடியைத் திறந்தார். கண்ணில் கை படக்கூடாது என்பது ஞாபகம் வந்தது. ஒரு செவ்வந்தி இதழைக் கிள்ளினார். பன்னீர் விட்டுக் கெட்டியாக அரைத்த சந்தனத்தை அந்த இதழால் தொட்டு, மெல்லிய தாளின் நட்ட நடுவில், கன்றுக்குட்டியின் நெற்றியில் வைப்பதுபோல் மெதுவாக வைத்தார். இன்னோர் இதழால் அதன் மேல் குங்குமம். கஞ்சப் பொட்டு அவருக்குப் பிடிக்காது. அதுவும் இது அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போவதா இல்லையா என்று முடிவு செய்கிற பெட்டி, அதனால் தாளில் பாதிக்கு மேல் மூடுகிற அளவுக்குத் தாராளமாகவே வைத்தார். ராக்கெட்டில் போகிற பெட்டிக்கு மட்டும் வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது பாரபட்சமாகத் தெரிந்தது. அதற்கும் அதே மாதிரி வைத்தார். இரண்டையும் மூடினார். கை படவே இல்லை.

தசமி காலை ஜீப் வந்தது. கடற்கரையில் மின்சார இணைப்புகளை மட்டும் பார்த்தார்கள். மூடியைத் திறக்க அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. அத்தனை சுத்தம். ராக்கெட் ஐப்பசியில் ஒரு நாள் மேலே போய், சில நிமிஷம் வானத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியோடு கடலில் விழுந்தது.

அது அனுப்பிய கணக்கை வைத்துக்கொண்டு அனந்தநாராயணன் மார்கழி வரை உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தை நெருங்க நெருங்க ஸ்டூலும் பேராசிரியரின் மேஜைக்கு நெருங்கி வந்தது. ஒரு நாள் பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்திருக்குடா. ஆனா விசித்திரமா வந்திருக்கு. பலமான எக்ஸ்ரே மட்டும் வந்திருக்கு. மெல்லிசு மொத்தத்தையும் யாரோ வழியிலயே தடுத்திருக்கான். இதோ இங்க பாரு, ஒரு பள்ளம். இது கால்சியத்தோட அடையாளமாக்கும். நம்ம சுண்ணாம்பு. வெடிச்சுத் தெறிச்ச வஸ்துவே திரை மாதிரி நின்னு தன்னோட எக்ஸ்ரேயை மறைச்சிண்டிருக்கு. அந்தத் திரையில சுண்ணாம்பு இருக்கு."

"அப்பக் கண்டுபுடிச்சாச்சுங்களா சாமி?"

"கண்டுபிடிச்சாச்சு."

சென்னியப்பன் வெளியே போய் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

கட்டுரை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. தெறித்த படலத்தின் கனம் இவ்வளவு, அதில் கால்சியம் இவ்வளவு என்று கணக்கோடு இருந்தது. மற்ற நாட்டுக்காரர்கள் அந்த நட்சத்திரத்திலிருந்து எக்ஸ்ரேயே வரவில்லை என்று கையை விரித்திருந்த நேரம் அது, அதனால் கட்டுரைக்கு மதிப்புக் கூடியது. இரண்டாவது ராக்கெட் தருவதாகப் பேச்சு வந்தது. மலையாளப் பத்திரிகை ஒன்றில் நாலு வரிச் செய்தியும் வந்தது. தோட்டத்துக்குப் பக்கத்து வேலந்தாவளம் டீக்கடையில் யாரோ அதைப் படித்துச் சொல்ல, அழகுமலை மறுபடியும் இளநீரோடு வந்து சேர்ந்தார்.

"சுண்ணாம்பு மட்டுந்தானுங்களா? வேறொண்ணும் இல்லீங்களா?"

"அது பெரிய விஷயமாக்கும்" என்றார் பேராசிரியர்.

"அத எங்கூட்டு வெத்தலப் பொட்டியிலயே பாத்திருக்கலாமுங்க" என்றார் அழகுமலை. ஆனால் கற்பூரத்தில் அடித்த வாக்கு வாக்குத்தான். தம்பியை அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. தானே தண்ணீர் கட்டினார். கூடமாட ஒரு ஆளை வைத்துக்கொண்டார்.

சென்னியப்பனின் நடையே மாறிவிட்டது. கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் அவருக்கு இடம் கிடைக்க ஆரம்பித்தது. கமலாத்தாளின் அம்மா முழங்காலுக்கு ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். "அது வேற எக்ஸ்ரேங்க அத்தை, இது ஆகாசத்துல தெறிச்சதுக்கு" என்று பொறுமையாகச் சொல்லியனுப்பினார்.

அடுத்த ஆடியில், இரண்டாவது ராக்கெட்டுக்குத் தயார் செய்ய, மிச்சமிருந்த பெட்டியைப் பீரோவிலிருந்து எடுத்தார் அனந்தநாராயணன். ஈயக் குப்பிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கதிரியக்கத் துணுக்கை எதிரே வைத்து, மூடியைத் திறக்கிற விசையைத் தட்டினார். பதிவுக் கருவியின் பேனா காகிதத்தில் கோடு போட்டது. மெல்லிசைக் காணோம். பலமானது மட்டும் வந்திருந்தது. நடுவில் அதே பள்ளம். துணுக்குக்கும் பெட்டிக்கும் நடுவே நட்சத்திரம் எதுவும் வெடித்திருக்கவில்லை.

அவர் குனிந்து பெட்டியின் கண்ணைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். ஓரத்தில் கருகிப்போன ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான் குங்குமம். அவர் படித்த எந்தப் பௌதிகப் புத்தகத்திலும் அது இல்லை. கல்பாத்தியில் அவர் வீட்டுச் சமையலறையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

சென்னியப்பனைக் கூப்பிட்டார். நான் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன்.

"இதுக்கு நீதான் பொட்டு வெச்சயா?"

"ஆமாங்க சாமி."

"போன பெட்டிக்கு?"

"அதுக்கு வெக்காம உட்ருவனுங்களா? அதுக்குத்தான் மொதல்ல வெச்சனுங்க. கை படலீங்க. பூவுல தொட்டுத்தான் வெச்சனுங்க." அவர் முகத்தில் பயம் துளியும் இல்லை. ஒழுங்காக வேலை செய்தவன் பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம் அது. இதழைக் கிள்ளியதிலிருந்து பாரபட்சம் பார்க்காதது வரை எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார்.

அனந்தநாராயணன் கேட்டு முடித்தார். "செரி, போய் காப்பி வாங்கிண்டு வா" என்றார்.

சென்னியப்பன் போன பிறகு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

"கட்டுரையை வாபஸ் வாங்கணும்" என்றார்.

"வாங்கினால் பிரின்சிபால் காரணம் கேட்பாரே. சென்னியப்பனை அன்றைக்கே அனுப்பிவிடுவார்."

"நான்தானே மூடியைத் திறந்து பாக்கலை. பூஜை வெச்சாச்சு, தொடப்டாதுன்னு ஆத்துல சொன்னா. நானும் தொடலை. அவன் ஒருத்தன்தான் தொட்டான், அதுவும் நான் சொன்ன மாதிரியே தொட்டான். இதுல யாரைச் சொல்றது?"

தன்னுடைய கவனக்குறைவால் கருவியில் கோளாறு, முடிவுகளை நம்ப வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அது வந்தது. இரண்டாவது ராக்கெட் பேச்சு நின்றுபோனது. பிரின்சிபால் பேராசிரியரைக் கூப்பிட்டு வேண்டியதைச் சொன்னார், அவர் வாங்கிக்கொண்டு வந்தார். வாபஸ் வாங்கிய செய்தியை எந்த மலையாளப் பத்திரிகையும் போடவில்லை. சென்னியப்பனிடமும் யாரும் சொல்லவில்லை. வேலந்தாவளம் டீக்கடையில் நட்சத்திரத்துச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அனந்தநாராயணன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் இருக்கிறது. கோபமும் வந்தது. பல வருஷ உழைப்பை ஒரு செவ்வந்தி இதழுக்காக இப்படி விட்டுக்கொடுப்பார்களா?

அந்த வருஷ ஆயுத பூஜைக்கும் நான் பொரிக்காகப் போனேன், இந்தத் தடவை சீக்கிரமாகவே. சென்னியப்பன் தராசுக்குப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே பெட்டியிடம் வந்தார். பேராசிரியர் அதைச் சுத்தம் செய்து புதுத் தாள் போட்டு வைத்திருந்தார். அதற்கு ராக்கெட் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பழக்கம், அவரால் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

சென்னியப்பன் இதழைக் கிள்ளினார். மூடியில் கை வைத்தார்.

"சென்னியப்பா" என்றார் அனந்தநாராயணன். "இந்தத் தடவை மூடிமேல வெச்சாப் போறும்."

சென்னியப்பன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். படித்தவர்கள்கூட இப்படி மறந்துவிடுகிறார்களே என்கிற பார்வை அது.

"என்னங்க சாமி இப்படிச் சொல்லிப்போட்டீங்க. போன வருசம் உள்ளாற கண்ணுல வெச்சதுனாலதானுங்க அத்தனையும் தெரிஞ்சுது."

சென்னியப்பன் இதழை ஏந்தியபடி அனுமதிக்காக நின்றார். அனந்தநாராயணன் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, பொட்டு வைக்க வாகாக இருக்கட்டும் என்று, மூடியைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார்.